< & > குறிகளைச் சரியாக எழுதுவதும், &#2980; என்று மாறிப்போன தமிழை மீட்பதும்

வலைப்பக்கத்தில் "5 < 10" என்று அப்படியே எழுதினால் ஒழுங்காகத் தெரியும். "அ<ஆ" என்று எழுதினாலும் தெரியும். ஆனால் < குறியை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து வந்துவிட்டால், அங்கிருந்து அடுத்த > வரைக்கும் உள்ளதெல்லாம் திரையில் காணாமல் போகும். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்-இன் விதிப்படி < குறிக்கு அடுத்து ஆங்கில எழுத்து வந்தால்தான் அது டேக்கின், அதாவது பிரவுசருக்கான கட்டளைக் குறியின், தொடக்கம். எண்ணோ இடைவெளியோ தமிழ் எழுத்தோ வந்தால் பிரவுசர் அதை வெறும் குறியாகக் காட்டிவிடும். தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பது இதனால்தான்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. "</உ" என்று எழுதினால், தமிழ் எழுத்தாக இருந்தாலும், அடுத்த > வரை பிரவுசர் அதைக் கருத்துக் குறிப்பாக எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். <! என்றும் <? என்றும் தொடங்குபவற்றுக்கும் இதே கதிதான்.

அதே உரை புதிய பதிவுகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடைக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். அது எழுதப்படுவது எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறிமொழியில். அங்கே தமிழ் எழுத்திலும் டேக் பெயர் வைக்கலாம். எனவே "<தமிழ்>" என்பது திறந்து மூடப்படாத டேக் ஆகிவிடும். வலைப்பக்கத்தில் நன்றாகத் தெரிந்த பதிவு ஓடை முழுவதையும் முறித்துப்போடும். தனியாக நிற்கும் & குறியும் அப்படியே: எச்டிஎம்எல்-இல் "எள் & வெல்லம்" பிழையில்லை, எக்ஸ்எம்எல்-இல் அது பிழை.

மாற்ற வேண்டியவை ஐந்தே

& குறிக்கு &#38;
< குறிக்கு &#60;
> குறிக்கு &#62;
" குறிக்கு &#34;
' குறிக்கு &#39;

இப்படி ஒரு குறிக்குப் பதிலாக எழுதும் மாற்றெழுத்துக்கு என்டிட்டி என்று பெயர்; இவை எண்வழி என்டிட்டிகள். நடுவில் உள்ள எண், அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணைப் பதின்மத்தில் எழுதியது. இவற்றுக்குப் பெயர்வழி என்டிட்டிகளும் உண்டு; < குறிக்கு எல்டி, & குறிக்கு ஏஎம்பி என்று ஆங்கிலச் சுருக்கங்கள். எச்டிஎம்எல் 4-இல் 252 பெயர்கள் இருந்தன. இப்போதைய எச்டிஎம்எல் பட்டியலில் 2,231 உள்ளீடுகள். எக்ஸ்எம்எல்லுக்கு இயல்பாகத் தெரிந்தவை இந்த ஐந்து குறிகளின் பெயர்கள் மட்டுமே. பிரியா இடைவெளிக்கான என்பிஎஸ்பி என்ற பெயரை ஆர்எஸ்எஸ்-இலோ எஸ்விஜி படக் கோப்பிலோ போட்டால் அங்கேயே பிழை. எண்ணாக &#160; என்று எழுதினால் எங்கும் செல்லும். ஒற்றை மேற்கோளின் பெயரும் எச்டிஎம்எல் 4-இல் கிடையாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை அப்படியே எழுத்தாகக் காட்டிவிடும். ஆகவே எண்களையே பழகிக்கொள்வது நல்லது. ஐந்து எண்கள்தானே, மனத்தில் நின்றுவிடும்.

தமிழ் எழுத்துகளை என்டிட்டியாக மாற்றவே வேண்டாம். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து யூனிகோட் குறியீடுகள் உள்ளன. யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8-இல் 15 பைட்.

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

என்று எழுதினால் 35 பைட். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் இரண்டாவதை மூலக் கோப்பில் படிக்க முடியாது, தேட முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், சார்செட் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று அறிவித்து, கோப்பையும் யூடிஎஃப்-8-இல் சேமித்தால் போதும்.

எண்ணாக எழுதுவதே நல்லது என்று சொல்லத்தக்கவை கண்ணுக்குத் தெரியாத குறிகள்தான். "க்ஷ" சேர்ந்து வராமல் க், ஷ என்று பிரிந்து நிற்க வேண்டுமானால் நடுவில் இணைப்புத் தடைக் குறி வேண்டும்:

க்&#8204;ஷ

இதை நேரடியாக ஒட்டினால் அடுத்துத் திருத்துபவர் அது இருப்பதே தெரியாமல் அழித்துவிடுவார். "ரூ.&#160;500" என்று எழுதினால் வரி உடையும்போது ரூபாயும் தொகையும் பிரியாது. ஆனால் இந்த 160 தரவுக்குள் நுழைந்துவிட்டால் தொல்லை. பிஹெச்பி நிரல்மொழியில் ஓரத்து இடைவெளிகளை வெட்டும் டிரிம் அதை நீக்காது. ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் நீக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்கள் ஒப்பிடும்போது சமமில்லை என்று வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது 160-ஐயும் 8203, 8204, 8205 ஆகிய கண்ணுக்குத் தெரியாத குறிகளையும்.

வரிசை தவறினால்

என்கோடு செய்யும்போது, அதாவது குறிகளை என்டிட்டியாக்கும்போது, & குறியை முதலில் மாற்ற வேண்டும். < குறியை முதலில் மாற்றினால் &#60; கிடைக்கும்; பிறகு & குறியை மாற்றப்போனால் அது &#38;#60; ஆகிவிடும். திரையில் < தெரிய வேண்டிய இடத்தில் &#60; என்று எழுத்தாகத் தெரியும். டீகோடு செய்யும்போது, அதாவது என்டிட்டியைத் திரும்பக் குறியாக்கும்போது, இதற்கு நேர்மாறு: & கடைசியில். அதை முதலில் மாற்றினால், எழுத்தாகவே காட்டப்பட வேண்டிய &#60; உயிருள்ள < குறியாகிவிடும். இரண்டு வேலையையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் செயற்கூறுகள் பெரும்பாலான மொழிகளில் உள்ளன, அவற்றையே பயன்படுத்துங்கள். இனி வரும் செயற்கூற்றுப் பெயர்களை ஒலிப்பின்படி தந்திருக்கிறோம். கோடில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

பிஹெச்பி-யில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். 8.1-க்கு முந்தைய பதிப்புகளில் இது இயல்பாக ஒற்றை மேற்கோளை மாற்றாது. என்ட்_கோட்ஸ் என்ற கொடியைச் சேர்த்தால்தான் மாற்றும். டேக்கின் பண்புகளை (டேக்குக்குள் பெயர்=மதிப்பு என்று வருபவை) ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் பழைய தளங்களுக்கு இது திறந்துகிடக்கும் கதவு. எச்டிஎம்எல்என்டிட்டீஸ் என்ற இன்னொன்று பெயருள்ள எல்லாக் குறிகளையும் மாற்றும். யூடிஎஃப்-8 பக்கத்துக்கு அது தேவையே இல்லை.

பைத்தானில் எச்டிஎம்எல் மாட்யூலின் எஸ்கேப், அன்எஸ்கேப். முதலாவது ஐந்து குறிகளையும் மாற்றும். இரண்டாவது 3.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் என்கோடு செய்யத் தேவையே பெரும்பாலும் வராது. டெக்ஸ்ட்கண்டென்ட் வழியாக உரையைப் போட்டால் எந்தக் குறியும் டேக் ஆகாது. டீகோடு செய்ய, டிவ் என்ற வெற்று உறுப்பு ஒன்றை உருவாக்கி அதன் இன்னர்எச்டிஎம்எல்-இல் உரையைப் போட்டு டெக்ஸ்ட்கண்டென்டை எடுப்பது என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். செய்யாதீர்கள். அந்த டிவ் பக்கத்தில் ஒட்டப்படாமலே இருந்தாலும், உரைக்குள் ஒளிந்திருக்கும் படத்தின் ஆன்எரர் நிரல் (படம் ஏறாதபோது ஓடுவது) ஓடிவிடும். டாம்பார்சர் கொண்டு பிரித்து, கிடைத்த ஆவணத்திலிருந்து டெக்ஸ்ட்கண்டென்ட் எடுங்கள். அங்கே ஸ்கிரிப்ட் ஓடாது. ஆனால் அதில் டேக்குகள் கழன்று உரை மட்டுமே மிஞ்சும் என்பதை மறக்க வேண்டாம்.

இருமுறை என்கோடு ஆவதற்கு வழக்கமான காரணம், டெம்ப்ளேட் (பக்கத்தின் வார்ப்பு) தானே மாற்றிவிடும் என்று தெரியாமல் நாமும் மாற்றுவது. தளம் கட்டும் கருவிகளான ஜாங்கோ, ரியாக்ட் இரண்டும் உரையை இயல்பாகவே என்கோடு செய்துவிடும். ஜின்ஜா2-ஐத் தனியாகப் பயன்படுத்தினால் செய்யாது. ஃபிளாஸ்க்கோடு சேர்ந்து எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டாக வரும்போது செய்யும். தரவுத்தளத்தில் மூல உரை அப்படியே இருக்கட்டும். வெளியே காட்டும் கணத்தில், காட்டும் இடத்துக்கு ஏற்றபடி, ஒரே ஒரு முறை மாற்றுங்கள். உள்ளே வரும்போதே மாற்றிச் சேமித்த உரை பிறகு மின்னஞ்சலுக்கும் பிடிஎஃப்-க்கும் குறுஞ்செய்திக்கும் போகும்போது &#39; என்று பல்லிளிக்கும்.

இடத்துக்கு இடம் விதி வேறு

டேக்குகளுக்கு நடுவே உள்ள உரைக்கும், மேற்கோளுக்குள் உள்ள பண்பு மதிப்புக்கும் மேலே சொன்ன ஐந்து போதும். மேற்கோள் இல்லாத பண்பு மதிப்பை இந்த ஐந்தும் காக்காது. ஓர் இடைவெளி வந்தாலே மதிப்பு முடிந்து அடுத்த பண்பு தொடங்கிவிடும்.

டைட்டில், டெக்ஸ்ட்ஏரியா இரண்டினுள்ளும் என்டிட்டி வேலை செய்யும், டேக் வேலை செய்யாது. ஸ்கிரிப்ட், ஸ்டைல் இரண்டினுள்ளும் என்டிட்டி வேலை செய்யாது. ஸ்கிரிப்டுக்குள் &#60; என்று எழுதினால் நிரலுக்கு அந்த ஐந்து எழுத்துகளே போய்ச்சேரும். ஜேசன் (நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) தரவை ஸ்கிரிப்டுக்குள் பதிக்கும்போது < குறியை, பின்சாய்கோடு, யூ, 003சி என்று சேர்ந்து வரும் ஆறெழுத்துக் குறியீடாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் தரவுக்குள் எங்காவது ஸ்கிரிப்ட் மூடும் டேக் இருந்தால் நிரல் அங்கேயே அறுந்து, மீதி பக்கத்தில் கொட்டும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்-இல் பின்சாய்கோட்டோடு பதினாறடிமான எண் எழுத வேண்டும். நடுத்தரக் கோட்டுக்கு \2013.

அதிகம் பேர் தவறுவது ஆன்கிளிக் போன்ற நிகழ்வுப் பண்புகளில்தான். அதன் மதிப்பை இப்படி வைத்திருப்பதாகக் கொள்வோம்:

சொல்('பெயர்')

பெயர் என்ற இடத்தில் பயனர் தருவது போய் உட்காரும். ஒருவர் தருவது இது:

');திருடு('

ஐந்து குறிகளையும் ஒழுங்காக மாற்றிவிட்டீர்கள்:

சொல்('&#39;);திருடு(&#39;')

பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் பிரவுசர் பண்பின் மதிப்பை முதலில் டீகோடு செய்துவிட்டுத்தான் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கும். நிரலுக்குப் போவது:

சொல்('');திருடு('')

திருடு ஓடிவிடும். இங்கே இரண்டு அடுக்கு மொழிகள் இருப்பதால் முதலில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் பிறகு எச்டிஎம்எல்-க்கும் மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, மதிப்பை ஒரு டேட்டா பண்பில் வைத்து, நிகழ்வைத் தனி ஸ்கிரிப்டில் இணைப்பது.

இணைப்பு முகவரிக்கும் இரண்டு அடுக்கு. மதிப்புக்குள் இருக்கும் & குறியைச் சதவீதக் குறியீடாக மாற்றுவது முதல் வேலை:

?பொருள்=எள்%20%26%20வெல்லம்&பக்கம்=2

பிறகு முழு முகவரியையும் எச்டிஎம்எல்-க்கு மாற்றும்போது, பிரிப்பானாக நிற்கும் & மட்டும் &#38; ஆகும். தமிழ் எழுத்துகளைப் பிரவுசர் தானே சதவீதக் குறியீடாக்கி அனுப்பும். ஓர் எழுத்துக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று குறி. "தமிழ்" 45 குறிகளாக நீளும். முகவரிக்கு நீள வரம்பு வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிரிப்பானை மாற்றாமல் விட்டாலும் நடக்கத்தானே செய்கிறது என்று தோன்றும். பழைய பழக்கங்களுக்காக 106 பெயர்வழி என்டிட்டிகள் அரைப்புள்ளி இல்லாமலும் செல்லும். காப்பி, ரெக், நாட், டைம்ஸ் ஆகியவை அவற்றில் சில. முகவரியில் & குறியை அடுத்து காப்பி என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் அளவுரு இருந்து, அந்த முகவரியைப் பக்கத்தில் உரையாகக் காட்டினால் © என்று தெரியும். பண்புக்குள் இருந்தால், பெயரை அடுத்துச் சமக்குறியோ எழுத்தோ எண்ணோ வரும்போது பிரவுசர் விட்டுவிடும். பைத்தானின் அன்எஸ்கேப் அப்படி விடாது, அங்கும் © ஆக்கிவிடும். முகவரிகளை அன்எஸ்கேப் வழியாக அனுப்பும் நிரல்கள் இதில்தான் உடைகின்றன.

எமோஜியைக் கையால் எண்ணாக்கும்போது 😀 குறிக்கு &#128512; என்று ஒரே எண் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்து எழுத்தாகச் சுற்றி எண் எடுத்தால் &#55357;&#56832; என்று இரண்டாகும்; பிரவுசர் இரண்டையும் ஏற்காமல் இரு கேள்விக்குறி வைரங்களைக் காட்டும். கோட்பாயிண்ட்அட் கொண்டு எடுங்கள். &#128; முதல் &#159; வரை எச்டிஎம்எல் அவற்றை விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துத் தொகுப்பான விண்டோஸ்-1252 எண்களாகக் கொள்ளும்; &#147; எழுதினால் “ தெரியும். எக்ஸ்எம்எல் அப்படிக் கொள்ளாது. 8220 என்றே எழுதுங்கள்.

எண்களாகக் கிடக்கும் பழைய தமிழை மீட்பது

பழைய தமிழ்த் தளங்களின் தரவுத்தளத்தைத் திறந்தால் பதிவு முழுதும் &#2980;&#2990;&#3007; என்றே கிடப்பதுண்டு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. படிவம் இருந்த பக்கம் யூடிஎஃப்-8 அல்லாமல் விண்டோஸ்-1252 போன்ற ஒன்றில் இருந்தால், அந்தச் சார்செட்டில் இல்லாத எழுத்தைப் பிரவுசர் தானாகவே எண்வழி என்டிட்டியாக்கி அனுப்பும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 5.7 பதிப்பு வரை இயல்பான சார்செட் லேட்டின்1. அதற்குள் இந்த எண்கள் சுகமாக உட்கார்ந்துகொண்டன. பக்கத்தில் காட்டும்போது தமிழாகவே தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தேடல் எதையும் கண்டுபிடிக்காதபோதுதான் வெளிச்சமாகும்.

முதலில் முழுத் தரவுத்தளத்தின் நகல் எடுங்கள். வேலையை நகலில் செய்து பார்த்த பிறகே அசலைத் தொடுங்கள்.

அடுத்து, எத்தனை அடுக்கு என்று பாருங்கள். &#2980; என்று இருந்தால் ஒன்று. &#38;#2980; என்று இருந்தால் இரண்டு. ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம், தளத்தின் நிரல் இடையில் மாறியிருக்கும். மாற்றம் நிற்கும்வரை திரும்பத் திரும்ப டீகோடு செய்வது சுலபமாகத் தோன்றும், ஆனால் யாராவது எச்டிஎம்எல் பற்றியே எழுதிய பதிவு இருந்தால் அதன் எடுத்துக்காட்டுகள் எல்லாம் உண்மையான டேக்குகளாகிவிடும்.

அட்டவணையில் அந்த உரை இருக்கும் நெடுவரிசையின், அதாவது பத்தியின், சார்செட்டை யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்பது மூன்று பைட் வரைக்கும்தான். தமிழ் அடங்கும், எமோஜி அடங்காது. நிரல் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பின் சார்செட்டும் அதுவாகவே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் தமிழை எழுதினால் ஒன்று பிழை வரும், அல்லது எல்லாம் கேள்விக்குறியாகிப் போகும்.

பிறகு தமிழ் எண்களை மட்டும் டீகோடு செய்யுங்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 2944 முதல் 3071 வரை. அதை மட்டும் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் வாய்பாடு):

&#(29(4[4-9]|[5-9][0-9])|30([0-6][0-9]|7[01]));

கிடைத்த எண்ணை எழுத்தாக்கிப் பதிலிடுங்கள். இதோடு 8204, 8205, மேற்கோள்களான 8216, 8217, 8220, 8221, முப்புள்ளி 8230, ரூபாய்க் குறி 8377 ஆகியவற்றையும் சேர்க்கலாம். இரு அடுக்கு உள்ள வரிசைகளுக்கு & குறியை அடுத்து #38; என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். 34, 38, 39, 60, 62 ஆகிய ஐந்தையும் இந்த ஓட்டத்தில் தொட வேண்டாம். பத்தியில் இருப்பது எச்டிஎம்எல் என்றால் அவை அப்படியே இருப்பதுதான் சரி. வெறும் உரை என்றால், அதை வெளியிடும் இடத்தில் என்கோடிங் நடக்கிறதா என்று உறுதி செய்த பிறகு தனியாக மாற்றுங்கள்.

வெட்டுப்பட்ட வால்களைத் தேடுங்கள். ஓர் எழுத்துக்கு 7 இடம் பிடிப்பதால் 255 நீளப் பத்தியில் 36 எழுத்துகளே அடங்கும். பழைய மைஎஸ்க்யூஎல் அமைப்புகள் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டு எண்ணின் நடுவே விழுந்திருக்கும்:

&#[0-9]*$

&#298 என்று நின்றிருந்தால் பிரவுசர் அதை மேல்கோடு போட்ட லத்தீன் எழுத்தாகக் காட்டும். அரைகுறை எண்ணை நீக்கிவிடுங்கள். இழந்த எழுத்து மீளாது. நான்கு இலக்கமும் முழுதாக இருந்து அரைப்புள்ளி மட்டும் போயிருந்தால் எழுத்தைக் காப்பாற்றலாம்.

கடைசியாக, ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறையான என்எஃப்சி-யில் சீராக்குங்கள். "கொ"-வின் ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும், 3014, 3006 என்று கொம்பும் காலுமாகவும் எழுதியிருப்பார்கள். சீராக்காவிட்டால் தேடலில் பாதி தப்பும். ஆனால் "கௌ" எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமுமாக அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதைச் சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் 128-க்கும் 255-க்கும் இடையில் இருந்தால் இந்த வழி உதவாது. அது டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துரு முறையாக இருக்கலாம். அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிந்திருக்கும்; அதற்கான மாற்றி வேறு.

அல்லது, &#224;&#174;&#8226; என்பதுபோல 224, 174 திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்று தவறாகப் படித்து என்கோடு செய்திருக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தது க. தமிழின் முதல் பாதி 224, 174 என்றும், மறு பாதி 224, 175 என்றும் தொடங்கும். அதனால் ® குறியும் ¯ குறியும் பக்கமெங்கும் இறைந்துகிடக்கும். மீட்க, முதலில் என்டிட்டிகளை டீகோடு செய்து, கிடைத்ததை விண்டோஸ்-1252 பைட்டுகளாக்கி, அவற்றை யூடிஎஃப்-8 என்று படியுங்கள். விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எழுத்து கிடையாது. தமிழுக்கு இது மோசமான தற்செயல்: புள்ளியின் கடைசிப் பைட் 141, உகரக் குறிக்கு 129, ஏ-க்கு 143, ஐ-க்கு 144. பைத்தானின் விண்டோஸ்-1252 மாற்றி இங்கே பிழை தந்து நிற்கும். அந்த ஐந்து எண்களையும் அப்படியே அதே பைட்டாக மாற்றும்படி நிரலில் விலக்கு எழுதுங்கள். முன்பே யாராவது அவற்றைக் கேள்விக்குறியாக்கிவிட்டிருந்தால், புள்ளியும் உகரமும் போன உரைதான் கிடைக்கும்.

சோதனை வரி

புதுத் தளமோ பழுது பார்த்த தளமோ, ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டியிலும் இதை அப்படியே ஒட்டிச் சேமித்துப் பாருங்கள்:

அ<ஆ & "இ" 'ஈ' &#60; </உ> கொ க்ஷ ₹ 😀

பக்கத்தில் எழுத்து பிசகாமல் இதுவே தெரிய வேண்டும். &#60; என்பது < ஆகியிருந்தால் என்கோடிங் நடக்கவில்லை. &#38; கண்ணில் பட்டால் இருமுறை நடந்திருக்கிறது. </உ> மறைந்திருந்தால் உரை டேக்காகப் படிக்கப்படுகிறது. எமோஜியும் அதற்குப் பின்னுள்ளவையும் மட்டும் போயிருந்தால் தரவுத்தளம் மூன்று பைட் யூடிஎஃப்8-இல் இருக்கிறது. பிறகு அதே பதிவைத் திருத்தத் திறந்து, எதையும் மாற்றாமல் மூன்று முறை சேமியுங்கள். ஒவ்வொரு சேமிப்புக்கும் உரை நீண்டுகொண்டே போனால், திருத்தும் படிவத்தில் ஒரு என்கோடிங் அதிகமாக இருக்கிறது.